சோபாவில் மூன்று நாள்

கோவில்பதாகை வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு முகப்பேர் அடுக்ககத்துக்கு நாங்கள் குடிவந்தபோது பேத்திக்கு ஒன்றே முக்கால் வயது. எடை பத்துக் கிலோ நானூறு கிராம். இந்தக் கணக்கு அப்போது முக்கியமாக இருந்தது. மருமகளுக்கு ஏழாம் மாதம். கனமான எதையும் தூக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பழைய வீட்டில் அதனால் தொல்லை இல்லை. பேத்தி தானே நடப்பாள். கட்டிலிலிருந்து சமையலறைக்கு அவள் காலுக்கு இருபத்திரண்டு அடி. புது வீட்டில் பால் காய்ச்சிய காலையில் அவளைச் சோபாவில் உட்காரவைத்தோம். அதோடு சரி. கீழே இறக்கினால் இரண்டு கால்களையும் மடக்கிக்கொண்டு அம்மாவின் கழுத்தில் தொங்கினாள். அழவில்லை. எனக்கு அதுதான் பயம். முதல் நாள் மருமகள் அவளை முப்பத்தொரு தடவை தூக்கினாள். நான் ஒன்பது தடவை. பத்தாவது தடவை முழங்கால் விட்டுவிட, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகன் காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவான்.

காலில் கோளாறா, புது இடத்துப் பயமா, இன்னொரு குழந்தை வரப்போவது தெரிந்துவிட்டதா என்று ஆளுக்கொன்று நினைத்தோம். இடையிடையே அவள் மேலே கை காட்டுவாள். மின்விசிறியைப் போடுவோம். விசிறியைப் பார்ப்பாள், தரையைப் பார்ப்பாள், மறுபடி விசிறியைப் பார்ப்பாள். குழந்தைக்கு வேர்க்கிறது போலிருக்கிறது என்று சொன்னவன் நான்தான். வெளியே அடைமழை. நான் துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் காலையில் வீட்டு வேலைக்கு ஒரு பெண்மணி புதிதாக வந்தார். கூடத்தைத் துடைத்து முடித்து, சோபாவைப் பார்த்து, "எறங்காத கண்ணு, ஈரமா கீது" என்றார். பேத்தி தலையை ஆட்டிவிட்டு விசிறியைக் காட்டினாள்.

இறங்கத்தான் மாட்டேன் என்கிறாள், மூன்று நாளாக இதே கதைதான் என்று மருமகள் சலித்துக்கொண்டாள். அந்தப் பெண்மணி தரையைக் குனிந்து பார்த்தார். பளபளக்கும் டைல்ஸில் குழல்விளக்கு அப்படியே தெரிந்தது.

"இன்னா தாத்தா, இது தொடைக்காதப்பவும் ஈரமாட்டமே மின்னுது. கொழந்த இன்னாத்த கண்டுச்சி?"

எனக்குச் சுருக்கென்றது. பழைய வீட்டில் சிமெண்ட் தரை. ஒருமுறை ஈரத்தில் வழுக்கி அவள் உதடு கிழிந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் துடைத்ததும் அவளைக் கட்டிலில் ஏற்றி, விசிறியைப் போட்டு, நூறு வரை எண்ணி, 'காஞ்சாச்சு' என்று சொன்ன பிறகே இறக்குவேன். சட்டம் போட்டது நான். இங்கே வந்த பிறகு இன்றுவரை தரையைத் துடைக்கவே இல்லை, அதனால் அந்த வார்த்தையை யாருமே சொல்லவில்லை. குழந்தை மூன்று நாளாக என் சொல்லுக்குக் காத்திருந்திருக்கிறாள்.

விசிறியைப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக எண்ணினேன். நாற்பதில் மருமகளும் சமையலறை வாசலில் வந்து நின்றாள். எழுபதுக்கு மேல் அவசரப்பட்டு இரண்டு எண்களை விட்டுவிட்டேன். திரும்பப் போய் எண்ணினேன். நூறு.

"காஞ்சாச்சு."

அவள் நகரவில்லை. குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்து அவளிடம் காட்டினேன். என் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குப்புறப் படுத்துச் சறுக்கி இறங்கி நின்றாள். மருமகள் தூக்குவதற்குக் கையை நீட்டி, நினைவு வந்து இழுத்துக்கொண்டாள். அவளிடம் போய்ச் சேரப் பதினேழு அடி.

மாலையில் மறுபடி விசிறியைக் காட்டினாள். மறுபடி நூறு. அடுத்த வாரம் ஐம்பது போதுமானதாயிற்று. பிறகு பத்து. அன்றைக்கப்புறம் மருமகள் அவளைத் தூக்கவில்லை. பேரன் மாதம் நிறைந்துதான் பிறந்தான், இரண்டு கிலோ தொள்ளாயிரம்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சோபாவில் கிடத்தினோம். பேத்தி பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தரையைத் தடவி, உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.