தமிழ் தெரியாத பலூன்கள்

தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியராக இருப்பவருக்குப் பாடம் நடத்துவது மூன்றாவது வேலை. முதல் இரண்டும் கூரை ஒழுகும் இடத்துக்கு வாளி வைப்பதும், மேலிடத்துக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும். என்னைப் போல ஆசிரியர் வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்கும் கொஸ்லந்தைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் எட்டாம் தரத்துக்குத் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரங்களின் நடுவில் எங்களுக்கு ஐந்து கம்ப்யூட்டர்கள் வந்தன. ஒரு வருஷம் துணியைப் போர்த்திக்கொண்டு சும்மா கிடந்தன. பிறகு ஒரு கடிதம் வந்தது. பாடசாலைத் தவணை முடிவில் ஓர் அதிகாரி வருவார், கம்ப்யூட்டரை வைத்துப் பாடம் நடக்கவில்லை என்றால் ஐந்தையும் டவுன் பாடசாலைக்கு ஏற்றிவிடுவார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. எங்கள் பிள்ளைகளுக்கென்று வந்த ஒரே நல்ல சாமான் அது. விடுவேனா?

அதிபரின் போன்

பதுளையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், இன்டர்நெட்டிலேயே சித்திரக்கதை செய்யும் தளம் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். ஆளைப் பொறுக்கி, இடத்தைப் பொறுக்கி, வாய்க்குப் பக்கத்தில் ஒரு பலூனை வைத்து அதில் பேச்சை எழுதினால் கதை தயார். கட்டுரை என்றாலே வயிற்றுவலி வரும் என் வகுப்புக்கு இதுதான் மருந்து என்று முடிவு செய்துவிட்டேன். பாடசாலையில் இருந்த ஒரே போன் லைன் எங்கள் தலைமை ஆசிரியரான அதிபரின் மேசைக்கு வந்தது. அதிலிருந்து வயரை இழுத்து ஒரு கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் இன்டர்நெட் வரும். யாராவது ரிசீவரைத் தூக்கினால் இன்டர்நெட் போகும், பிள்ளைகள் அரைமணி நேரம் கட்டிய படமும் அதோடு போகும்.

அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். கம்ப்யூட்டர் போய்விடக் கூடாது என்று என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர். தினமும் பத்து மணியிலிருந்து பதினொன்றுவரை போனைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார், காப்பாற்றவும் செய்தார். ஒரு வாரம் கழித்து வகுப்பு வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை. "டீச்சர், வீட்டிலையிருந்து எடுத்தா எப்பவும் லைன் எங்கேஜ், ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு ஆரோடை ஒரு மணித்தியாலம் கதைக்கிறியள் எண்டு என்ரை மனிசி கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்லுறது?"

மஞ்சள் முடி

பிள்ளைகள் தேர்ந்தெடுத்த கதை அவர்கள் வீட்டுக் கதைதான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் குழாயில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் அம்மா, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் பிந்திப் போகிறாள். கங்காணி திருப்பி அனுப்பிவிடுகிறார். நல்ல கதை. ஆனால் அந்தத் தளத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஆட்கள் இருந்தார்கள், ரோபோ இருந்தது, நாயில் நாலு வகை இருந்தது. கொழுந்து எடுக்கிற பெண் மட்டும் இல்லை. கையில் கோப்பிக் கோப்பையோடு மஞ்சள் முடிக்காரி ஒருத்திதான் அகப்பட்டாள்.

பவானி என்றொரு பிள்ளை முன்னால் வந்து மவுஸைப் பிடித்தாள். ஆபீஸ் அறைப் படத்திலிருந்து குப்பைக்கூடையை எடுத்துப் பெரிதாக்கி, மஞ்சள் முடிக்காரியின் முதுகில் ஏற்றினாள். போதும்மா, மணி அடிக்கப்போகிறது என்றேன். கேட்கவில்லை. ஒரு கழுத்துப்பட்டியைத் தனியாக எடுத்து, படுக்க வைத்து, தலையைச் சுற்றிக் கொண்டுவந்து கூடையோடு சேர்த்தாள். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டுகிற கயிறு அது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது, ஆனாலும் டீச்சர் புத்தி போகுமா, முடியையும் கறுப்பாக்கப் பார் என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முடி எப்படி இருந்தா என்னங்க டீச்சர், கயிறு தலையில இல்லேன்னாதான் எங்கம்மா சிரிக்கும்."

கட்டம் கட்டமாக

படம் முடிந்தது. பலூனில் தமிழைத் தட்டினால் எழுத்துக்குப் பதில் வரிசையாகக் கட்டங்கள் வந்தன. எழுத்தை மாற்றிப் பார்த்தோம், கட்டம். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம், மறுபடியும் கட்டம். அந்தத் தளத்துக்குத் தமிழே தெரியாது. அதிகாரி வர மூன்று வாரம்தான் இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் வீம்பு வந்தது. பலூனைக் காலியாகவே விடச் சொல்லி, படத்தைப் பென் டிரைவில் போட்டு, சனிக்கிழமை பஸ் பிடித்து அப்புத்தளைக்குப் போய், அச்செடுத்து நாற்பது கொப்பி அடித்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். சிவகுமார் என்ற பையனின் கட்டுரைக் கொப்பியில் அதுவரை திகதியும் தலைப்பும் மட்டும்தான் இருக்கும். அன்றைக்கு ஒன்பது பலூனையும் நிரப்பிவிட்டு இன்னொரு தாள் கேட்டான். படித்துப் பார்த்தேன். குழாயடிச் சண்டை என் காதில் கேட்டது. இத்தனை நாள் ஏண்டா எழுதவில்லை என்று கேட்டேன். "கட்டுரைன்னா பக்கம் பூரா நான் பேசணும் டீச்சர். இதுல அவங்க பேசுறாங்க, நான் எழுதுறேன், அவ்வளவுதான்."

குடை

பெற்றோர் கூட்டத்தன்று எல்லாவற்றையும் சுவரில் ஒட்டினோம். அடுத்த கதையைச் சிவகுமார் தானே கட்டியிருந்தான். அதில் வந்த கங்காணிக்குச் சட்டைக் காலரின் பின்னால் ஒரு குடை தொங்கியது. எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அது யார் என்று சொல்லிவிடுவார்கள். அம்மாமார் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கங்காணியே, காலரில் குடையோடு, உள்ளே வந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. அவர் தோட்டத்தில் பெரிய ஆள். கோபித்துக்கொண்டால் நாளைக்கே சித்திரக்கதைக்கு மங்களம் பாடிவிடலாம். படத்தை அவர் ஒவ்வொரு கட்டமாக, பலூன் பலூனாக வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நம்ம குடைக்குக் கைப்பிடி மூங்கில், டீச்சர். இதுல இரும்பு மாதிரி இருக்கு. அதைச் சரி பண்ணி ஒரு கொப்பி எனக்கும் குடுங்க."

கரண்ட் இல்லாத நாள்

அதிகாரி வந்த அன்று விடியலில் இருந்தே மழை. ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது. ஐந்து கம்ப்யூட்டரும் கறுத்துப்போய் உட்கார்ந்திருக்க, அதிபர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதைப் பார்த்து நான் என்ன அறிக்கை எழுதுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. சிவகுமார் எழுந்து போய், காலிப் பலூன் உள்ள தாள் ஒன்றையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்து, எங்கள் கம்ப்யூட்டரில் செய்தது, நீங்களும் எழுதுங்கள் சேர் என்றான்.

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, மஞ்சள் முடிக்காரியின் பலூனில், 'நான் தினமும் அதிகாலையில் எழுந்து பணிக்குச் செல்கின்றேன்' என்று எழுதினார். வகுப்பு குபீரென்று சிரித்தது. எங்கம்மா இப்படிப் பேசாது சேர் என்றாள் பவானி. செத்தோம் என்று நினைத்தேன். அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு, 'வாளியப் புடிடி, கங்காணி பெரட்டுக்குக் குடைய எடுத்துட்டாரு' என்று எழுதினார். அவரும் லயத்துப் பிள்ளைதான் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் கைதட்டிய தட்டில் மழைச் சத்தம் கேட்கவில்லை. போகும்போது அறிக்கையில் கையெழுத்தைப் போட்டு அதிபரிடம் நீட்டினார். "கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும் சேர். நான் எடுத்துட்டுப் போனா, அடுத்த கதையில இந்தப் பய என்னை என்ன பேச வைப்பானோ."

பதினோரு வருஷம் தொண்டை கிழிய நான் கத்தியும் எழுதாத பிள்ளைகளை எழுத வைத்தது, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தமிழைச் சேர்க்க மறந்துபோன காலிப் பலூன்தான் என்பதைப் பற்றி இன்றுவரை நான் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை, பாராட்டுகளை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.