மேட்டுத்தெருக் கிணற்றின் சிவப்பு

பாரூர் ஏரிக்கு மேற்கே மேட்டுத்தெரு. அங்கிருந்தவர்கள் கூலி வேலை முடிந்ததும் நிலக்காரர் தோட்டத்துக் கிணற்றடியில் காலிக் குடங்களோடு காத்திருப்பார்கள். கயிற்றைத் தொட அவர்களுக்கு அனுமதியில்லை. யாராவது மனமிரங்கி, எட்ட நின்று ஊற்றினால்தான் தண்ணீர். ஐம்பத்து நாலில், நம் தெருவிலேயே ஒரு கிணறு வெட்டுவோம் என்று பிடிவாதம் பிடித்தவள் கெம்பம்மா. இடம் காட்டியதும் அவள்தான்.

ஊற்று கண் திறந்து, தண்ணீர் பளிங்காக வந்தது. குடத்தில் எடுத்து வைத்தால் பொழுது சாய்வதற்குள் துருவைக் கரைத்தாற்போல் சிவந்துவிடும். பழஞ்சேலையை மடித்து வடிகட்டினார்கள். சிவப்பும் கூடவே இறங்கியது. வாயில் வைத்தால் இரும்பு வாடை.

"பொங்கல் போவட்டும், மூடிரலாம். எதுனா கொழந்த உளுந்துறப் போவுது" என்றார் தெருவுக்குப் பெரியவரான கோவிந்தப்பன்.

"மூடிட்டு?" என்றாள் கெம்பம்மா.

"பழையபடி அங்கியே போயி குந்த வேண்டியதுதான்."



பொங்கலுக்கு முன்பு கெம்பம்மா வீட்டுக்கு வெள்ளையடித்தாள். சுண்ணாம்பு கரைத்த பானையைச் சரியாகக் கழுவாமல், ஆட்டுக்கு வைக்க அதிலேயே குடத்தில் சிவந்திருந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டாள்.

"சுண்ணாம்புப் பானையிலயா ஊத்துன? அப்பிடியே வெத்தல பாக்கும் வெச்சிரு, ஆடு போட்டுக்கும்" என்று சிரித்தான் புருஷன் திம்மப்பன்.

கொட்டிவிடத் தூக்கியவள் உள்ளே பார்த்து நின்றுவிட்டாள். தண்ணீரில் கரைந்தாற்போலிருந்த சிவப்பு, தவிடுபோல் திரிதிரியாகி அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே தெளிவு. அதே பழஞ்சேலையில் வடித்தாள். இம்முறை சிவப்பு துணியிலேயே சேறாகத் தங்கிவிட்டது.

நீரில் மறைந்திருக்கும் இரும்பு, காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகிறது. அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே மிதப்பதால் எந்தத் துணிக்கும் அகப்படுவதில்லை. சுண்ணாம்பு அந்த விலக்கத்தை உடைக்கிறது. துகள்கள் ஒட்டித் திரண்டு, கனத்துப் படிகின்றன. கெம்பம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் செய்ததைப் பேரறிவு என்று சொல்ல வேண்டாம். கொட்டப்போனதைக் கொட்டாமல் பார்த்தாள். அது எல்லோராலும் முடிவதில்லை.

முதலில் சுண்ணாம்பு மிஞ்சி நாக்கு எரிந்தது. குறைத்தாள். மிகவும் குறைத்தபோது சிவப்பு திரளவில்லை. கிள்ளிப் போடும் அளவைக் கை கண்டுபிடித்தது.

பொங்கல் கழிந்ததும் கோவிந்தப்பன் மண்வெட்டியோடு வந்தார். தெருவே கூடியிருந்தது. கெம்பம்மா வடித்த தண்ணீரை ஒரு சொம்பு நிறைய மொண்டு, அத்தனை பேர் எதிரிலும் அண்ணாந்து குடித்தாள். பிறகு சொம்பை அவரிடம் நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்தார். நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து தாயி" என்று பழக்கத்தில் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார்.

கெம்பம்மா ஊற்றவில்லை. கிணற்றுக் கயிற்றை எடுத்து அந்தக் கைகளில் வைத்தாள்.

"எதுக்குண்ணா கையேந்துற? நம்ம கெணறு. நீயே சேந்து."