நசுங்க வேண்டிய பக்கம்

வெளிநாட்டில், பான் நகரத்து அம்மன் கோயிலுக்கு ஒருநாள், தன் கையாலேயே செய்த காரைப் பூசைக்குக் கொண்டுவந்திருந்தார் ஒருவர். கூரையும் கதவும் இல்லாத, இரண்டு பேருக்கு மட்டுமான குட்டிக் கார். பட்டு வேட்டி கட்டி, இடுப்பில் அளவுநாடா செருகியிருந்தார். இருக்கைக்குப் பின்னால் வளைந்து நின்ற இரும்புக் கம்பியை அடிக்கடி தட்டி, அதன் ஓசையைக் காது கொடுத்துக் கேட்டார்.

ஐயர் சந்தனத்தோடு காரின் முன்பக்கம் போனார்.

“ஐயா, அங்கை வேண்டாம். இந்தக் கம்பிக்குப் பூசுங்கோ.”

“முன்னுக்குத்தானே பூசுறது?”

“முன்பக்கம் இடிபட்டால் நசுங்கவெண்டுதான் செய்தனான். அது நசுங்கினால்தான் உள்ளுக்கு இருக்கிற ஆள் தப்பும். கார் பிரண்டாலும் இந்தக் கம்பி நசுங்கப்படாது.”

ஐயர் சிரித்துக்கொண்டே கம்பிக்குப் பூசினார். கார்ச் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய், வைத்தார்கள். காரைச் செய்தவர், வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னைப் பக்கத்தில் ஏற்றி, மூச்சுமுட்டும் அளவுக்கு பெல்ட்டை இறுக்கிவிட்டார். நாங்கள் போனதோ நாலடி தூரம்!

இறங்கியதும் நசுங்கிய தேசிக்காய் ஒன்றை எடுத்துப் பார்த்தார். தோல் கிழிந்திருந்தது, உள்ளே விதை முழுசாக இருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர் கும்பிட்டது அம்மனையா, அந்த விதையையா?