சோப்பில்லாக் குளியல்

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில், தண்ணீரில் ஊறிய கான்கிரீட் கட்டிகளை மெஷினில் வைத்து உடைத்து, எவ்வளவு தாங்கும் என்று பார்ப்போம். உடைக்கும் முன் ஈரத்தைத் துணியால் துடைக்க வேண்டும். அந்த ஈர சிமெண்டு வாசனை எனக்குக் குளியல் வாசனை.

திண்டிவனத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குத் தளம் போட்டபோது கடுங்கோடை. தெருக்குழாயில் தண்ணீர் வருவதே அரிது. புதுத் தளமோ காயக்கூடாது; காய்ந்தால் வெடித்துவிடும். அம்மா என்னையும் தம்பியையும் மாடியில் ஏற்றி, தினமும் ஒவ்வொரு மூலையாக நிற்க வைத்துக் குளிப்பாட்டினாள்.

"எம்மா, சோப்பு?"

"சோப்பு சிமெண்டுக்கு ஆவாதுடி. அந்தாண்ட தள்ளி நில்லு, அங்க இன்னும் நனையல."

பிறகு முந்தானையால் எங்கள் தலையைத் துவட்டுவாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கும் சிமெண்டு வாசனையோடுதான் போனோம்.

அடுத்து வந்த புயலில் தெருவில் பல கூரைகள் பறந்தன. எங்கள் தளம் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அண்ணாந்து பார்த்த அம்மா, "நல்லா குளிச்சிருக்கு" என்றாள்.

இன்று ஒரு கட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் செல்வி கேட்டாள்:

"இன்னாங்க, ஒடைக்கப் போற கட்டிய இவ்ளோ பதமா தொடைச்சிக்கினு இருக்கீங்க?"