அலுமாரிக்குள் இருந்த டெப்லெட்

துறைமுகத்துக்குப் போகும் வீதியிலுள்ள கணினிப் பயிற்சி நிலையத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே படிக்கும் பெண் ஒருத்தியைக் கண்டேன். வேலை ஒன்றுக்கான விண்ணப்பத்தோடு அனுப்பவேண்டிய அனிமேஷனுக்காக, ஓடும் மானை மவுசால் கீறிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஒவ்வொரு படம் முடியவும் வீங்கிய வலது மணிக்கட்டை இடக்கையால் அமுக்கினாள்.

“பேனாவால கீறுற டெப்லெட் இல்லையா, பிள்ளை?”

“அலுமாரிக்குள்ள பூட்டியிருக்கு ஐயா. பாவிச்சால் பழுதாகிடுமாம்.”

பொறுப்பாளர் குறுக்கிட்டார். “மவுசாலயும் கீறலாம்தானே.”

“சவர்க்காரக் கட்டியைப் பிடிச்சுக் கையெழுத்து வையுங்கோ சேர், பாப்பம்,” என்றாள் அவள்.

அவர் அலுமாரித் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மான் நொண்டியபடியேதான் போனது; வேலை கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அந்த நிலையத்தின் படம் பத்திரிகையில் வந்தது. திகதி எழுதி வெட்டி வைத்திருக்கிறேன். அவள் முன்னால் டெப்லெட், கையில் பேனா. டெப்லெட்டின் வயர் எதிலும் செருகப்படவில்லை. இடக்கை, வலது மணிக்கட்டை அமுக்கியபடி இருக்கிறது.