“போதும்” என்றால் இறங்கிவிட வேண்டும்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை. சிங்கப்பூரின் தேக்காவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் போட்டிருந்த சிறிய மேடைக்கு முன்னால், கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தேன். எங்கள் வீட்டில் எது எப்போது நடந்தது என்று தெரியவேண்டுமானால் என்னைத்தான் கேட்பார்கள். அன்று நடந்தது மட்டும் யாரும் கேட்காமலேயே நினைவுக்கு வந்துகொண்டிருக்கிறது.

மேடையேற வேண்டியவர்கள் ஒன்பது வயதான என் மகளும் அவளுடைய சீனத் தோழியும். இருவரும் பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு அருகே உள்ள சமூக மன்றத்தில் சிறுவர்களுக்கான அக்ரோபாட்டிக்ஸ் வகுப்புக்குப் போகிறவர்கள். போட்டிக்காக அல்ல, பொழுதுபோக்குக்காகத்தான்.

அவளைச் சேர்ப்பதற்கு முன்பு, வளரும் பிள்ளைகளின் எலும்பு, தசை பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். எதையாவது பார்த்துப் பயந்து, பாதியில் கூட்டிக்கொண்டு வரப்போகிறேன் என்ற எண்ணத்தோடுதான் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். குட்டிக்கரணம் அடிப்பார்கள் என்று பார்த்தால், பிள்ளைகள் வெகுநேரம் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு கரடிபோலக் கையும் காலும் ஊன்றி நடந்தார்கள். மல்லாந்து படுத்து, கைகால்களைச் சற்றே தூக்கி, வாழைப்பழம்போல வளைந்து, ஒரு பாட்டைப் பாடி முடிக்கும்வரை அப்படியே இருந்தார்கள். கால்களை அகட்டி உட்காரும்போது யார் முதுகையும் யாரும் அழுத்தவில்லை. முழுதாக இறங்க முடியாத பிள்ளைகளுக்கு அடியில் ஸ்பாஞ்சுக் கட்டையை வைத்தார் பயிற்சியாளர். ரப்பர் பட்டையை இழுப்பதுபோல இருந்தால் சரி, ஊசி குத்துவதுபோல இருந்தால் உடனே நிறுத்தவேண்டும் என்றார்.

பயிற்சியாளரான அந்தச் சீனப் பெண்மணி வகுப்பில் ஒரு விதி வைத்திருந்தார். நிறுத்தச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஒருவர் சொன்னால் மற்றவர் இறங்கிவிட வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம். ஆனால் ‘ஸ்டாப்’ என்ற சொல்லைப் பிள்ளைகள் விளையாட்டாகக் கத்திக் கத்தி, கடைசியில் அது யார் காதிலும் விழாமல் போயிருந்தது. ஒரு நாள் கால்களை அகட்டியிருந்தபோது என் மகளின் வாயிலிருந்து “போதும்!” என்று வந்தது. அப்படியென்றால் என்ன என்று பயிற்சியாளர் கேட்டார்.

“இனாஃப், கோச்.”

“குட் வேர்ட் லா! வீ யூஸ் தட் ஒன்.”

அன்றிலிருந்து சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் ‘போத்தூம்’ என்று நீட்டிச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். ஒரு குரல் எழுந்தால் போதும், தோளில் நிற்பவர் இறங்கிவிடுவார், பிடித்திருக்கும் கை தளர்ந்துவிடும்.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் அந்தச் சொல்லை யார் மதித்தார்கள்? சனிக்கிழமைக் காலையில் தோசை சுடுவது நான். மகள் “போதும்ப்பா” என்பாள், அடுத்த தோசை அவள் தட்டில் விழும். ஈசூனில் இருக்கும் என் அக்கா இன்னும் ஒரு படி மேலே. அவருக்குப் ‘போதும்’ என்றால், கூச்சமாக இருக்கிறது, நீங்களாகவே போடுங்கள் என்று அர்த்தம்.

மேடையில் அவர்கள் செய்யவிருந்தது ‘பறவை’. என் மகள் மல்லாந்து படுத்து இரண்டு கால்களையும் நேராக மேலே தூக்குவாள். தோழி தன் இடுப்பை அந்தப் பாதங்களில் வைத்து, குப்புறப் படுத்தபடி எழும்புவாள். முதலில் இருவரும் கைகோத்திருப்பார்கள். கடைசியில் கைகளை விட்டுவிட்டு, மேலே இருப்பவள் சிறகு விரிப்பாள். பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் சேர்ந்த புதிதில் என் மகளால் கால்களை நேராக நீட்டவே முடியவில்லை, முழங்கால் மடங்கிவிடும். தொடையின் பின்பக்கம் வாரம் வாரமாக இளகவேண்டியிருந்தது. கால்களும் வயிறும் இன்னொரு பிள்ளையின் எடையைத் தாங்குமளவு உரம் பெறவேண்டியிருந்தது. அந்தச் சிறகு விரியும் கணத்துக்காகத்தான் நான் கைப்பேசியோடு நின்றேன். பக்கத்தில் அக்கா, குடும்பத்தோடு.

தோழி மேலே எழும்பினாள். கூட்டம் கைதட்டியது. என் மகளின் கால்கள் இரண்டு தூண்கள்போல அசையாமல் நின்றன.

“கைய விடும்மா! விடு, விடு!” என்று அக்கா குரல் கொடுத்தார்.

அப்போது கேட்டது, “போதும்.”

என் மகள் சத்தமாகச் சொல்லவில்லை. அடுத்த நொடியே தோழி கால்களைத் தாழ்த்தி, பூனைபோலத் தரையில் இறங்கி நின்றாள். சிறகு விரியவே இல்லை. இருவரும் கைகோத்து வணங்கினார்கள்.

“அய்யோ, பறக்கவே இல்லையே!” என்றார் அக்கா.

நிகழ்ச்சியை நடத்திய இளைஞர் ஒலிவாங்கியோடு ஓடிவந்தார். “இன்னும் ஒரே ஒரு தடவை செய்வீங்களா கண்ணு? எல்லாரும் கேக்குறாங்க பாருங்க!” கூட்டமும் “ஒன்ஸ் மோர்!” என்றது. நானும் சேர்ந்து சொல்லியிருப்பேன், வாய்வரை வந்துவிட்டது. என் மகள் ஒலிவாங்கியிடம் முகத்தைக் கொண்டுபோய், “போதும் அண்ணே” என்றாள்.

“போதுமாம்! சாப்பாட்டு மேசையில சொல்ற மாதிரியே சொல்லுது!” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மேடையின் பின்பக்கம் போனபோதுதான் தெரிந்தது. அவளது வலது கெண்டைக்கால் தசை பிடித்து, எலுமிச்சைபோலத் திரண்டிருந்தது. பயிற்சியாளர் பாதத்தை மெல்ல மடக்கிவிட்டுக்கொண்டிருந்தார். கைகளை விட்ட பிறகு அந்தக் கால் மடங்கியிருந்தால், மேலே இருந்த பிள்ளை தலைகுப்புற விழுந்திருப்பாள். அடியில் இருந்தது பலகை மேடையும் மெல்லிய பாயும்தான்.

அக்காவுக்கு மனம் ஆறவில்லை. தோழியிடம், “நீ கொஞ்சம் கைய விட்டிருக்கலாமே, கேர்ள்?” என்றார்.

“ஆன்ட்டி, ஷி சே போத்தூம், வாட்!” என்றாள் அவள், இதற்கு மேல் என்ன கேள்வி என்பதுபோல.

பயிற்சியாளர் தலையை நிமிர்த்தாமலே, இத்தனை மாதப் பயிற்சியில் இவர்கள் செய்ததிலேயே சிறந்தது இதுதான் என்றார். முதலில் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்கப் புரிந்தது. இத்தனை பேர் கைதட்டும்போது தன் தசைக்குக் காதுகொடுப்பது ஒரு பலம். காரணம் கேட்காமல் இறங்குவது ஒரு நெகிழ்வு. இரண்டையும் நான் அந்த வகுப்பில் வாரா வாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

தீபாவளியன்று தோழி பெற்றோருடன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அக்கா பாயசம் பரிமாறினார். ஒரு கிண்ணம் முடிந்தது. கரண்டி மறுபடி வந்தபோது, தோழி தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னாள்.

“போத்தூம், ஆன்ட்டி.”

“அட, தமிழ் பேசுது பாரேன்!” என்று பூரித்துப்போன அக்கா, பாயசத்தை ஊற்றினார்.

அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் மறக்க முடியாது. கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு என் மகளைப் பார்த்தாள். அந்தச் சொல் வேலை செய்யாத ஓர் இடத்துக்கு அவள் முதன்முறையாக வந்திருந்தாள்.

“அத்தே,” என்றாள் என் மகள், மேடையில் சொன்ன அதே குரலில். “அவ போதும்னு சொல்லிட்டா.”

அக்கா கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டார். இரண்டு பிள்ளைகளும் அந்தப் பாயசத்தைப் பங்குபோட்டுக் குடித்தார்கள்.

இப்போதும் சனிக்கிழமைகளில் தோசை சுடுவது நான்தான். “போதும்ப்பா” என்ற குரல் கேட்டதும் அடுப்பை அணைத்துவிடுகிறேன். வீட்டில் அவள் சொல்வதை நாங்கள் கேட்டால்தானே, வெளியே எந்த மேடையிலும் அவளால் அதைத் தயங்காமல் சொல்லமுடியும்.