வெள்ளை மருந்து

இன்று மத்தியானம், நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் ஒருவர் என் கழுத்தை நெரித்தார்.

எங்கள் ஊர் கதிரவெளி மீனவர்தான். போன கிழமை அவருடைய கடைவாய்ப் பல்லின் வேரைச் சுத்தமாக்கி, துளையைத் தற்காலிகமாக வெள்ளை மருந்தால் அடைத்தோம். மருந்தைக் கலந்தது நான்.

இன்று கன்னம் வீங்கி, ஈறு வெந்து வந்தார். வந்த வேகத்தில் கருவித் தட்டைத் தூக்கி எறிந்தார். ஊசிகள் தரையெல்லாம் சிதறின. என் கழுத்தை இறுக்கிச் சுவரோடு சாத்திப் பிடித்தார்.

“எட்டாம் வகுப்போட நிண்ட உனக்கு மருந்து கலக்கத் தெரியுமாடி? நஞ்ச வச்சி அடைச்சிட்டாய்!”

உண்மையிலேயே பிழையாகக் கலந்துவிட்டேனோ, இனி வேலை இல்லையோ என்றுதான் நினைத்தேன்.

டொக்டர் அவரை இழுத்துக் கதிரையில் இருத்தி வாயைப் பார்த்தார்.

“இது நாங்க வச்ச மருந்தில்ல. என்னத்த வச்சீங்க?”

மீனவரின் குரல் இறங்கியது.

“உங்கட மருந்து கழண்டு விழுந்திட்டு. வெத்திலச் சுண்ணாம்பால நானே அடைச்சன். ரெண்டும் வெள்ளதானே, டொக்டர்?”

துளையைக் கழுவினோம். மருந்தை மறுபடியும் நான்தான் கலந்தேன்.

“இந்த முறை நல்லா இறுக்கி அடை, புள்ள” என்றார் மீனவர்.

இறுக்குவது எப்படி என்று அவருக்குத் தெரியும்.

கழுத்துக் காயத்துக்கு என்ன பூசலாம்? சொல்லுங்கள். சுண்ணாம்பு மட்டும் வேண்டாம்.